ஆமைத் தூள்

பெரியம்மா அந்தக் காசைக் கடித்துப் பார்த்தாள். செத்துப்போன அண்ணனுக்குப் பதினாறாம் நாள் காரியம் கழிந்த மறுநாள், எங்கள் வீட்டு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கடைவாய்ப் பல்லுக்குக் கொடுத்துக் கடித்தாள். கடித்துவிட்டு எச்சிலோடு எடுத்துச் சேலையில் துடைத்து, "வெள்ளிதான்" என்றாள். மூக்குப்பொடி பிடித்துப் பிடித்துப் பழுப்பேறின விரல்கள் அவளுக்கு. அந்த விரலின் ரேகை காசு முழுக்கப் பதிந்திருந்தது. காசில் இருந்த ராணியின் கன்னத்தில் சின்னதாக ஒரு பல் பள்ளம்.

அண்ணனைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன். எழுத எழுதக் குமட்டல்தான் வருகிறது. என்ன செய்ய? வருவதைத்தான் எழுத முடியும்.

எங்கள் வீடு கரமனையில், ஆற்றுக்கு இறங்குகிற சரிவில், ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்ட வரிசை வீடுகளில் ஒன்று. அப்பா நான் சின்னவளாக இருக்கும்போதே போய்விட்டார். நானும் அம்மாவும் ஜங்ஷன் பக்கத்தில் ஒரு சாப்பாட்டு ஹோட்டலில் வேலை செய்தோம். அம்மா மாவு அரைப்பாள். நான் காய் நறுக்குவேன். நான் படித்தது ஆறாம் வகுப்பு வரைக்கும், அதுவும் மலையாளத்தில். தமிழ் எழுத்துக் கூட்டப் பழகியது பொட்டலம் கட்ட வருகிற பழைய பேப்பரில்.

அண்ணனும் முதலில் அதே ஹோட்டலில்தான் அடுப்படியில் நின்றான். பிறகு யாரையோ பிடித்து ஒரு சரக்குக் கப்பலில் சமையல் வேலைக்குப் போனான். போன வருஷம் மழை பிடிக்கிற சமயத்தில் லீவில் வந்தான். அம்மாவுக்கு ஒரு டார்ச் லைட், ஒரு டஜன் சோப்பு. எனக்கு மட்டும் என்ன கொண்டுவந்தான் என்று சொல்லாமல் இழுத்தடித்தான்.

"ஏட்டி, கையைக் கழுவிட்டு வா."

"எதுக்கு? சோறு போடப் போறியா?"

"கழுவிட்டு வாட்டின்னா."

கழுவிவிட்டு வந்தேன். உள்ளங்கையில் வட்டமாக ஒரு கண்ணாடி மாதிரி டப்பாவை வைத்தான். கண்ணாடி இல்லை, பிளாஸ்டிக். உள்ளே ஒரு காசு. காசு என்று சொன்னால் நம்மிடம் புழங்குகிற காசு மாதிரி நினைக்கக் கூடாது. உள்ளங்கையில் முக்கால்வாசி இருக்கும். கனம். முகம் பார்க்கலாம் போலப் பளபளப்பு. ஒரு பக்கம் முடியில் கிரீடம் வைத்த ஒரு பொம்பளை. மறுபக்கம் ஓர் ஆமை. ஓட்டில் ஒவ்வொரு கட்டமும் தெரிந்தது. முன்கால் இரண்டையும் துடுப்பு மாதிரி விரித்து நீந்திக்கொண்டிருந்தது. நான் டப்பாவைத் திறந்து அதைத் தடவப் போனேன்.

"விளிம்பைப் பிடி. மூஞ்சியத் தொடாத. விரல் பட்டாக் கறுத்துரும்."

"இது எந்த ஊருக் காசு?"

"ஒரு தீவு. கடலுக்கு நடுவுல. நம்ம கரமனைப் பாலத்துலருந்து பேட்டை வரைக்கும் நடந்தா அந்த நாடு முடிஞ்சு போவும்."

"அங்க இத வச்சு என்ன வாங்கலாம்?"

"ஒரு மண்ணும் வாங்க முடியாது. கடையில போயி நீட்டினேன். கடைக்காரி என்னைய மேலயும் கீழயும் பாக்கா. இப்படி ஒரு காசை அவ கண்டதே இல்லையாம். அவ ஊருப் பேருதான் போட்டிருக்கு. கண்டதே இல்லங்கா."

"பின்ன யாருக்குத்தான் அடிக்கான்?"

"வெளிநாட்டுல பெட்டியில போட்டுப் பூட்டி வச்சு அழகு பாக்கிறவனுக்கு. தீவுக்காரன் பேரை மட்டும் வாடகைக்கு விடுதான். அவன் கையில இது வாறதே இல்ல."

அது எப்படி அவன் கைக்கு வந்தது என்று கேட்டேன். குரலைத் தாழ்த்திக்கொண்டான். கப்பலில் எலக்ட்ரீஷியன் ஒருத்தனிடம் சீட்டாட்டத்தில் ஜெயித்ததாம். "அம்மாட்ட கேப்டன் தந்தாருன்னு சொல்லிருக்கேன், கேட்டியா? நீ வாயத் தொறந்தே, அடுத்த லீவுக்கு உனக்கு ஒண்ணும் கெடையாது."

ஆமைக்குக் கீழே இங்கிலீஷில் பொடி எழுத்து இருந்தது. ஒன்பது மூன்று தடவை, பிறகு 'ஃபைன் சில்வர்'. அவன் எழுத்துக் கூட்டி வாசித்துக் காட்டினான்.

"ஃபைனா? நம்ம ஓனர் தட்டு உடைஞ்சாப் போடுவாரே, அதா?"

அண்ணன் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுச் சேச்சி எட்டிப் பார்த்தாள். "அந்த ஃபைன் வேற, இந்த ஃபைன் வேற. இதுன்னா சுத்தம்னு அர்த்தம். கலப்பு இல்ல. உன் மண்டையில இருக்க களிமண்ணு மாதிரி, தனிச் சுத்தம்."

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். காசைப் பார்த்தாள். ஆமையைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போய் நிலைப்படியில் சாய்ந்துகொண்டாள். எங்கள் ஆட்களுக்கு வீட்டுக்குள் ஆமை வருவது ஆகாது. வந்தால் சாவு வரும், குடி கலையும் என்பார்கள். ஆமை என்ற பேச்சையே சாப்பாட்டு நேரத்தில் எடுக்க விடமாட்டாள்.

"ஆமையாலே? வெளிய கொண்டு வை."

"எம்மா, இது கடலாமை. இங்க வர இதுக்கு வழி தெரியாது."

"நடந்து வந்தா என்ன, டப்பாவுல வந்தா என்ன? ஆமை ஆமைதான். வெளிய வை."

"வெளிய வச்சா வேற வீட்டுக்குல்லா போயிரும்? பாவம், அவங்களுக்கு என்ன தோஷம்?" என்றான் அண்ணன். அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தாலும், அவன் அந்தப் பக்கம் போனதும் என்னிடம் வந்து, "நீயாவது வெளிய வை மோளே" என்றாள். வெளியே வைத்தால் காலையில் அது இருக்குமா? அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தேன்.

மழை நன்றாகப் பிடித்தபோது அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தது. கண் மஞ்சளானது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். பெரிய ஆஸ்பத்திரிக்கும் கொண்டு போனோம். கட்டில் கிடைக்காமல் தரையில் பாய் விரித்துக் கிடந்தான். கடைசி நாட்களில் என்னை அடையாளம் தெரியவில்லை. ஹோட்டல் ஓனர் என்று நினைத்து, "தட்டு நான் உடைக்கல்லே" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் ஆகாது.

அவனை எடுத்த பிறகு அம்மா என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அத எங்க வச்சிருந்த?"

"அரிசி டின்னுக்குப் பின்னால."

"அரிசிக்குப் பின்னால" என்று ஒரு தடவை சொல்லிக்கொண்டாள். அதற்குப் பிறகு என் கையால் அவள் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. நான் செம்பை நீட்டினால் பார்க்காத மாதிரி இருப்பாள். சேச்சி வந்து கொடுத்தால் குடிப்பாள். திட்டியிருந்தால் பரவாயில்லை. அடித்திருந்தாலும் பரவாயில்லை. ஒரு செம்புத் தண்ணீரை என் கையிலிருந்து வாங்கமாட்டாளா என்று நான் அவள் பின்னாலேயே அலைந்தேன். அண்ணன் போனான். கூடவே அம்மாவும் போய்விட்ட மாதிரி இருந்தது.

பெரியம்மாவும் பெரியப்பாவும் சாவுக்கு நாகர்கோவிலில் இருந்து வந்தவர்கள். பதினாறு கழிந்தும் கிளம்பவில்லை. பெரியம்மா அம்மாவுக்கு அக்கா. பெரியப்பா ஒரு கோர்ட்டில் பியூனாக இருந்து ஓய்வு பெற்றவர். சோற்றில் குழம்பு பற்றவில்லை என்றால்கூட ஜட்ஜ் முன்னால் நிற்கிற மாதிரித்தான் பேசுவார். அம்மாதான் ஆமையைப் பற்றி அவர்களிடம் சொல்லியிருக்கிறாள். சொன்னதும் பெரியம்மா மாரில் அடித்துக்கொண்டாள்.

"ஆமையையா வீட்டுல வச்சிருந்திய? பிள்ளைய முழுங்கினது அதுல்லா! எங்க? எங்க அது?"

நடுங்கிக்கொண்டுதான் கேட்டாள். நான் எடுத்து வந்ததும் நடுக்கம் நின்றுவிட்டது. பெரியப்பா பேனாக்கத்தி முனையை விட்டு டப்பாவைத் திறந்தார். அப்புறம்தான் அந்தக் கடி.

"வெள்ளிதான்" என்று அவள் சொன்னதும் பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார். வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார். வாசிக்க வாசிக்க அவர் முகத்தில் ஒரு தெளிவு.

"ஏளா, இங்க பாரு. நைன் நைன் நைன். ஃபைன். தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது ஃபைன் போட்டிருக்கான்!"

"யாரு?"

"துறைமுகத்துல. கள்ளத்தனமா கொண்டுவந்திருக்கான் பய. பிடிச்சு ஃபைன் போட்டுத்தான் விட்டிருக்கான். இங்க பாரு, வெள்ளி மேலயே முத்திரை குத்தியாச்சு."

"அய்யோ, அம்புட்டு ரூவாயா? இந்த ஆமைக்கா? பெத்தவ மாவாட்டுதா, இவன் அங்க ஃபைன் கட்டுதானாக்கும்!"

என் அண்ணன் எரிந்த வாசனை என் மூக்கை விட்டு இன்னும் போகவில்லை. அவர்கள் அவன் தலையில் கள்ளக்கடத்தல் கேஸ் போட்டு, தீர்ப்பும் எழுதி முடித்துவிட்டார்கள்.

"அந்த ஃபைன் இல்ல பெரியப்பா. சுத்தம்னு அர்த்தம். அண்ணன் சொல்லிச்சு."

"காலம் பூரா கோர்ட்டுல ஃபைன் ரசீது கிழிச்சவன்ட்டி நான். ஆறாங்கிளாஸ் எனக்கு இங்கிலீஷ் படிச்சுத் தருது!" என்று பெரியம்மாவைப் பார்த்துச் சிரித்தார். அவளும் சிரித்தாள். பதினாறு கழிந்த மறுநாள், அண்ணன் கிடந்த இடத்தில் உட்கார்ந்து இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அம்மா சிரிக்கவில்லை. "அத ஆத்துல கொண்டு போட்டுருங்க அத்தான்" என்றாள். அவ்வளவுதான்.

"அதான் சரி" என்று பெரியப்பா உடனே எழுந்தார். அம்மா பார்க்க டப்பாவுக்குள் காசை வைத்து மூடி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "கற்பூரம் வாங்கிட்டு வாறேன்" என்று பெரியம்மாவும் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். நான் பெரியப்பா பின்னால் போனேன். ஆற்றில் போடுவது அம்மாவுக்கு நிம்மதி என்றால் போடட்டும். போடும்போது நான் ஒரு தடவை பார்க்க வேண்டும். அதற்குத்தான் போனேன்.

ஆறு கலங்கி, செம்மண் நிறத்தில் ஓடியது. படித்துறையில் சோப்பு நுரையும் அழுகின பூவும் ஒதுங்கிக் கிடந்தன. பெரியப்பா எனக்கு முதுகைக் காட்டி நின்று, என்னவோ முணுமுணுத்து, கையை ஓங்கி எறிந்தார். நல்ல கனமான காசு 'தொபக்' என்று விழ வேண்டும். சத்தமே இல்லை. பார்த்தால், டப்பா தண்ணீர் மேல் மிதந்து போகிறது. வெயில் பட்டு மினுங்கிக்கொண்டு, பூவோடு பூவாகப் போகிறது. உள்ளே ஒன்றும் இல்லை.

"பெரியப்பா, டப்பா மிதக்கு."

"ஆமை நீந்தும்லா" என்றார்.

"காசு எங்க?"

அவர் முகத்தில் ஒரு சுளிப்பு கிடையாது. சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். "வெள்ளிய ஆத்துல போட எனக்கென்ன பைத்தியமா? உன் அம்மைக்கு ஆமை போகணும். போக்கிரலாம். அதுக்கு வழி இருக்கு."

"தாங்க. அது அண்ணன் எனக்குத் தந்தது."

"எடுத்துட்டுப் போயி அம்மைட்ட காட்டு. ஆமைய மறுபடியும் வீட்டுக்குள்ள கொண்டுவந்திருக்கேன்னு சொல்லு. நல்லாக் கொஞ்சுவா உன்னைய."

எங்கே அடித்தால் வலிக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. என் வீட்டில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டே அதையும் கவனித்து வைத்திருக்கிறார்.

பஸ் ஸ்டாப்பில் பெரியம்மா பையோடு நின்றிருந்தாள். கற்பூரக் கடை அந்தப் பக்கமே இல்லை. என்னைப் பார்த்ததும் "இவ எதுக்கு?" என்றாள். "வரட்டு. வெளிய பேசமாட்டா" என்றார் பெரியப்பா. கிழக்கேகோட்டைக்கு டிக்கெட் எடுத்தார்கள். எனக்கு எடுக்கவில்லை. என் மடியில் இருந்த சில்லறையை எடுத்துக் கொடுத்தேன்.

சாலைக் கடைத்தெருவில், ஒரு பாத்திரக் கடைக்குப் பின்னால், ஒரு தட்டான் கடை. ஆள் கால் நீட்ட மட்டும் இடம். தரையில் கரி, அமிலத்தின் காந்தல் நெடி. தட்டார் காசை வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"கொள்ளாமே, நல்ல காசு! எங்கேருந்து கிட்டுச்சு? உருக்கணுமா?"

"உருக்க வேண்டாம். ஆமைய மட்டும் எடுக்கணும். ராணி இருக்கட்டு" என்றார் பெரியப்பா.

தட்டார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். "மனசிலாகல்லே அண்ணாச்சி."

"ராணித் தலை போட்ட காசுக்கு எங்க ஊர்ல மதிப்பு உண்டு. பழைய ராணிக் காசெல்லாம் தேடித் தேடி வாங்குதான். ஆமை இருந்தா எவனும் வாங்கமாட்டான். அந்த ஃபைன் எழுத்தும் போகணும். நாளைக்கு எவனாவது கேஸுன்னு வந்தா?"

"அண்ணாச்சி, அது வேற ராணியாக்கும். இது இப்போ உள்ள ராணி."

"ராணின்னா ராணிதான். அரத்தப் போட்டு ராவும்."

"ராவினா வெள்ளி வெறுதே போவும், கேட்டோ. கண்டாலும் ஒரு மாதிரி இருக்கும். உருக்கினா எடை அப்படியே கிட்டும்."

"ராவும்யா."

தட்டார் தோளைக் குலுக்கிவிட்டு அரத்தை எடுத்தார். பிடிப்பில் காசை இறுக்கினார். அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்ல? பல்லுக்குள் போகிற சத்தம். முதலில் ஓட்டின் மேடு போனது. பிறகு துடுப்புக் கால் ஒன்று. ஓட்டின் இரண்டு கட்டம் மட்டும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தது. தலையைக் கடைசியில்தான் ராவினார். பெரியப்பா எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஃபைன் போனதும் "ம்" என்று பெருமூச்சு விட்டார். சுத்தம் என்று சொன்ன ஒரே இடமும் அதோடு போய்விட்டது. அது அவருக்குத் தெரியாது. கடைக்கு வெளியே வந்து சாக்கடை ஓரத்தில் வாந்தி எடுத்தேன். காலையில் ஒன்றும் தின்னாததால் மஞ்சளாகத் தண்ணீர்தான் வந்தது. அண்ணன் கண் மாதிரி மஞ்சள்.

திரும்பி உள்ளே பார்த்தால், பெரியம்மா தரையில் குந்தியிருந்தாள்.

"தூளு இங்க கிடக்கட்டும் அக்கா. நாங்க பின்னே கூட்டிக்கிடுவோம்" என்றார் தட்டார்.

"எங்க வெள்ளில்லா அது! நீரு ஏன் கூட்டணும்?" விரலை நக்கி நக்கித் தரையில் ஒற்றினாள். அரத்தின் பல்லைத் தட்டி உதிர்த்தாள். "வேட்டிய ஒரு உதறு உதறும்" என்று தட்டாரையே எழுந்து நிற்க வைத்தாள். அவர் என்னைப் பார்த்து, "மோளே, உன் அம்மையா?" என்று கேட்டார். இல்லை என்று வேகமாகத் தலையாட்டினேன்.

கூட்டியதைச் சேலை நுனியில் முடியப் போனாள். "இழையில ஒழுகிரும்" என்று அவளே நிறுத்திவிட்டு, இடுப்பிலிருந்து பொடி டப்பியை எடுத்தாள். அடியில் கொஞ்சம் மூக்குப்பொடி மிச்சம் இருந்தது. அதன் மேலேயே வெள்ளித் தூளைக் கொட்டி மூடி, இடுப்பில் செருகினாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் இடுப்பில் செருகியது ஆமையை. ஓடு, கால், தலை எல்லாம் அந்த டப்பிக்குள்தான் இருக்கிறது. காலையில் மாரில் அடித்துக்கொண்டு 'பிள்ளைய முழுங்கினது' என்று சொன்னாளே, அதே ஆமை. அவளுக்கு ஒரு பயமும் இல்லை. எப்போதுமே இருந்ததில்லை. அந்தப் பயம் என் அம்மாவுக்கு மட்டும்தான்.

திரும்பி வருகிற பஸ்ஸில் பெரியம்மாவுக்கு உட்கார இடம் கிடைத்தது. நான் கம்பியைப் பிடித்து நின்றேன். ஆற்றுக்காற்று அடிக்கிற இடம் வந்ததும், பழக்கதோஷத்தில் அவள் கை இடுப்புக்குப் போனது. டப்பியைத் திறந்தாள். ஒரு சிட்டிகை எடுத்தாள். மூக்கில் வைத்து உறிஞ்சினாள்.

தும்மல் என்றால் சாதாரணத் தும்மல் இல்லை. முன்சீட்டுக்காரர் பிடரியைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். "எந்தா அம்மச்சீ இது!" பெரியம்மா கண்ணில் நீர் வடிய அடுத்த தும்மலைத் தும்மினாள். மூக்கு நுனியில் வெள்ளி மினுங்கியது. சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்து, தலைப்பைப் பிரித்துப் பார்த்து, ஒட்டியிருந்ததைச் சுண்டு விரலால் தட்டி மறுபடியும் டப்பிக்குள் போட்டாள். கண்ணால் பார்த்தேன். போட்டு, மூடி, இடுப்பில் செருகினாள்.

வீட்டுக்கு வந்தோம். அம்மா அடுக்களை நிலைப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"போட்டாச்சு" என்றார் பெரியப்பா. "ஆத்தோட போச்சு. இனிமே ஒரு பயமும் வேண்டாம்."

அம்மா தலையசைத்தாள். அவள் முகத்தில் ஒரு ஆறுதல் வந்ததைப் பார்த்தேன். அந்த ஆறுதல் அவர்கள் கொடுத்ததாக இருக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது.

"எம்மா, ஆத்துல போடல்லே. டப்பாவத்தான் போட்டாரு. சாலைக் கடைத்தெருவுக்குப் போயி ஆமைய ராவி எடுத்தாங்க."

"ஏட்டி!" என்றாள் பெரியம்மா.

"ராவின தூளக்கூட விடல்லே. பெரியம்மா பொடி டப்பியில இருக்கு. நாகர்கோயிலுக்குக் கொண்டு போறாங்க. பஸ்ஸுல அத மூக்குல வேற போட்டாங்க. ஆமை இப்போ அவங்க மூக்குக்குள்ள இருக்கு."

பெரியம்மா மறுக்கத்தான் வாயைத் திறந்தாள். திறந்த வாயில் தும்மல் வந்துவிட்டது.

அம்மா அவள் மூக்கையே பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். "டப்பியக் காட்டு அக்கா" என்றாள்.

"அதுல என்ன... வெறும் வெள்ளி. அதுல தோஷம் உண்டா? உருவம் போயிட்டுல்லா."

"உருவம் போனா தோஷம் போயிருமா?"

"பின்ன?"

"பின்ன நீ எதுக்குக் காலையில மாருல அடிச்ச?"

பெரியப்பா குறுக்கே வந்தார். "இங்க பாரு, சட்டப்படி பாத்தா..."

"அத்தான், நீங்க சும்மா இருங்க." அம்மா அவரிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. "அக்கா, அந்த ராணிய நீ கொண்டு போ. உன் மகளுக்கு ஏதாவது செஞ்சு போடு. என் மகன் கொண்டுவந்தது ஆமையத்தான். அத இங்க வச்சிட்டுப் போ."

பெரியம்மா டப்பியை எடுத்துத் தரையில் வைத்தாள். அவளுக்கு வெட்கம் வந்த மாதிரித் தெரியவில்லை. டப்பிக்குத்தான் மனசு அடித்துக்கொண்டது. "பொடி நல்ல பொடி. நேத்துத்தான் போட்டேன்" என்றாள். சாயங்கால பஸ்ஸுக்கு இரண்டு பேரும் கிளம்பினார்கள். மதியச் சாப்பாட்டை மட்டும் விடவில்லை. பெரியப்பா இரண்டாம் தடவை மோர் கேட்டு வாங்கினார்.

அவர்கள் போனதும் அம்மா டப்பியைத் திறந்து பார்த்தாள். சாம்பல் நிறத்தில், பழுப்புக் கலந்து, கொஞ்சம் மண் மாதிரி இருந்தது. பளபளப்பு ஒன்றும் இல்லை. முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். தும்மினாள். தும்மிவிட்டு, "மூக்குலயாட்டி போட்டா?" என்று கேட்டாள்.

"ஆமா. முன்சீட்டுக்காரர் பிடரி பூரா ஆமை."

அம்மாவின் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். கொஞ்ச நேரம் எது என்று தெரியவில்லை. முடிந்ததும் மூக்கைச் சிந்திவிட்டு, என்னைப் பார்க்காமலேயே, "கொஞ்சம் தண்ணி கொண்டா" என்றாள்.

கொண்டுவந்தேன். வாங்கிக் குடித்தாள்.

டப்பி இப்போதும் அரிசி டின்னுக்குப் பின்னால்தான் இருக்கிறது. வெளியே வை என்று அம்மா சொல்வதில்லை. தண்ணீர் ஊற்றிக் கலக்கினால் பொடி மேலே வந்துவிடும், வெள்ளி கனம், அடியில் நிற்கும் என்கிறாள். செய்யலாம்தான். நான் எப்போதாவது எடுத்துத் திறப்பேன். அண்ணன் கையைக் கழுவிவிட்டு வரச் சொல்லித் தந்த காசு. அதற்கு இப்போது பெரியம்மா மூக்கின் வாடை. விரலை உள்ளே விட எனக்கு இன்னும் வரவில்லை. மூடி வைத்துவிட்டு, திறந்ததற்கே கையைக் கழுவுகிறேன்.